துடக்கு வீட்டில் ஒரு விண்வெளிப் படை

பெரியப்பாவுக்குக் கொள்ளி வைத்தது நான்தான். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அவருடைய தம்பியின் மகன், முறைக்கு மகன். சுடலையிலிருந்து வந்து தலை முழுகிவிட்டு, பாலையூற்றில் அவர் கட்டிய வீட்டின் விறாந்தையில் ஈரத் துண்டோடு நின்றேன். "படிச்ச பிள்ளை, எப்படித் தாங்கிக்கொண்டு நிக்குது பாருங்கோ" என்று யாரோ சொன்னது கேட்டது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கம்பஸ் வரை போன முதல் ஆள் நான். அதனால் நான் என்ன செய்தாலும் படிப்பின் கணக்கில்தான் எழுதுவார்கள். உண்மையில் நான் எதையும் தாங்கவில்லை. தாங்குவதற்கு ஏதாவது வந்து இறங்க வேண்டுமே. ஒன்றும் இறங்கவில்லை.

கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து துடக்குத் தீட்டுக் கழியும் வரை செத்த வீட்டில் நிற்க வேண்டும் என்றார்கள். அப்பா சல்லிக் கிராமத்தில் கடலுக்குப் போகிறவர். அவருக்கு நின்று மினக்கெட நேரமில்லை. நான் பட்டம் முடித்து அரச வேலை நியமனத்துக்குக் காத்திருந்தவன், எனக்கு எல்லா நேரமும் இருந்தது. "அண்ணி தனிய. நீ அங்க நில்" என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறிப் போனார். கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை, சவரம் இல்லை, மீன் இல்லை. காலையும் பின்னேரமும் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவது மட்டும்தான் வேலை.

உடுப்புப் பையோடு ஒரு பெட்டியையும் கொண்டு போயிருந்தேன். கம்பஸில் என் அறையில் இருந்த கொழும்புப் பெடியன் வெளிநாடு போகும்போது விட்டுப்போன பெட்டி அது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கில் பெருவிரல் உயரத்துக்கு விண்வெளிப் படைவீரர்கள். கவசம், முகமூடி, முதுகில் ஒரு இயந்திரம், கையில் பெரிய துவக்கு. மேசையில் வைத்து, தாயக்கட்டை உருட்டி, அளவுநாடா பிடித்து விளையாடும் போர் விளையாட்டு. நான் ஆங்கிலத்தில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்த முதற் புத்தகம் அந்த விளையாட்டின் விதிப் புத்தகம்தான். வீட்டில் யாருக்கும் இதைச் சொன்னதில்லை.

இந்த வீரர்களுக்கு நிறம் பூசுகிற ஆட்களின் குழு ஒன்று போனில் இருந்தது. பல நாட்டுக்காரர். அந்த மாதம் அவர்கள் ஒரு சவால் வைத்திருந்தார்கள்: வாங்கி வைத்துவிட்டுப் பூசாமல் கிடக்கும் ஒரு பெட்டியை எடுக்க வேண்டும், மாதம் முடிவதற்குள் முழுதாகப் பூசிப் படம் போட வேண்டும். அழகு முக்கியமில்லை, முடிப்பதுதான் முக்கியம். நானும் பெயரைக் கொடுத்தேன். ஆசையால் கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

வேகமாகப் பூசுவதற்கு ஒரு முறை உண்டு. ஒருவனை முழுதாக முடித்துவிட்டு அடுத்தவனுக்குப் போகக் கூடாது. எல்லோரையும் சோடா மூடிகளில் ஒட்டி வரிசையாக நிறுத்த வேண்டும். முதலில் எல்லோருக்கும் கறுப்பு. பிறகு எல்லோருக்கும் கவசத்தின் சிவப்பு. பிறகு எல்லோருக்கும் சப்பாத்து. அதன்பின் தண்ணீராய்க் கரைத்த மண்ணிற மையை மேலே விட்டால் அது இடுக்குகளுக்குள் ஓடித் தானாகவே நிழலாகிவிடும். யாருடைய முகத்தையும் பார்க்கத் தேவையில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. காலையில் இடது சப்பாத்து, பின்னேரம் வலது சப்பாத்து. துறைமுகத்தில் கப்பல் ஊதும். பெரியப்பா அங்கே வந்து நிற்கும் கப்பலைக் கரையோடு கட்டும் கயிறு பிடித்தவர். ஊதுகிற சத்தம் கேட்டால் தூரிகையை நிறுத்திப் பார்ப்பேன், எனக்குள் ஏதாவது வருகிறதா என்று. வராது. மறுபடி பூசுவேன்.

பெரியம்மா முதல் நாலைந்து நாள் என்னோடு கதைக்கவே இல்லை. பிறகு ஒரு நாள் கதிரையை இழுத்து எதிரே இருந்தா.

"இவையள் ஆர்? ஆமியோ?"

"இல்லைப் பெரியம்மா. இவையள் வேறை கிரகத்து ஆக்கள்."

"அங்கயும் ஆமியோ?"

நான் ஓம் என்றேன். அவ ஒருவனைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தா. "துவக்கைப் பார், ஆளை விடப் பெரிசு. சாப்பிடக் கூடக் கை இல்லை, பாவங்கள்" என்று சொல்லி வைத்தா. அடுத்த நாள் தானாகவே வந்து இருந்தா. காலடியில் பசை பூசி மணல் ஒட்டும் வேலையை அவவிடம் கொடுத்தேன். சல்லிக் கடற்கரை மணலை அப்பா ஒரு பையில் கொண்டு வந்து தந்திருந்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று குச்சவெளியிலிருந்து மாமா வந்தார். பெரியம்மாவின் தம்பி. செத்த வீட்டைத் தலையில் தூக்கிச் செய்தவர் அவர்தான். பந்தல், சனம், சாப்பாடு எல்லாம் அவர். மேசையைப் பார்த்தார்.

"மருமகன், துடக்கு வீட்டில பெயின்ற் வேலையோ?"

"சின்ன வேலைதான், மாமா."

"படிச்ச ஆக்களுக்குச் சின்ன வேலைதானே பிடிக்கும்" என்று சிரித்துவிட்டுப் பெரியம்மாவிடம் திரும்பினார். "அக்கா, முப்பத்தொண்டு முடிஞ்ச கையோட வாகனம் கொண்டு வாறன். இந்த மேசை, அலுமாரி, கட்டில் எல்லாம் ஏத்துவம். வீட்டைப் பூட்டுவம். தனிய இருந்து என்ன செய்யப் போறீங்கள்?"

பெரியம்மா விரலில் ஒட்டிய மணலைத் தட்டினா. என்னைப் பார்த்தா. நான் வீரர்களின் தோள்பட்டைக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு, மணல் ஒட்டியபடியே சொன்னா: "அங்க போனா நான் தம்பி வீட்டில ஒரு ஆள். அவன்ர மனுசி நல்ல பிள்ளை, ஒண்டும் சொல்லாது. ஆனா கேத்திலைக் கூடக் கேட்டுத்தான் அடுப்பில வைக்கோணும். இஞ்ச எண்டா இது என்ர குசினி."

"அதை மாமாவுக்குச் சொல்லுங்கோவன்."

"எப்பிடிச் சொல்றது? இவ்வளவும் நிண்டு செய்தவனுக்கு, மாட்டன் எண்டு முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்ல ஏலுமே?"

அவ சொன்னதுகூட எனக்குள் ஒரு சலனத்தையும் செய்யவில்லை. தோள்பட்டைகளை முடித்துப் பெல்டுகளுக்குப் போனேன்.

மாதக் கடைசிக்கு முதலே எல்லாம் பூசி முடிந்துவிட்டது. மிச்சம் மேற்பூச்சு மட்டும். நிறம் உரியாமல் இருக்கத் தெளிவான வார்னிஷை ஸ்பிரே பண்ண வேண்டும். மாரி காலம். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. காற்றில் ஈரம் இருக்கும்போது அதை அடிக்கக் கூடாது என்று குழுவில் ஆயிரம் தரம் எழுதியிருந்தார்கள். ஆனால் அங்கே எழுதுகிறவர்களுடைய ஊர்களில் ஈரமில்லாத நாள் என்று ஒன்று இருக்கிறது. மாரியில் எங்களுக்கு அது எங்கே? மழை விட்ட ஒரு இடைவெளியில் கிணற்றடிக்குக் கொண்டுபோய் அடித்தேன்.

திரும்பி வந்து பார்க்கும்போது எல்லோரும் வெளிறியிருந்தார்கள். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. தலை முதல் கால் வரை வெண்பனிப் புகார் படிந்த மாதிரி.

பெரியம்மா குசினியிலிருந்து வந்து குனிந்து பார்த்தா.

"என்னடா இது, எல்லாரும் திருநீறு பூசிக்கொண்டு நிக்கினம்? சைவமாயிட்டினமோ?"

சொல்லிவிட்டு அவவே சிரித்தா. செத்த வீட்டுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதற் சிரிப்பு அது. எனக்குச் சிரிக்க வேண்டும் என்று விளங்கியது. வாயைக் கொஞ்சம் அகட்டினேன்.

குழுவில் கேட்டேன். ஒருவர் உடனே பதில் எழுதினார்: சமையல் எண்ணெயைத் தூரிகையால் மெல்லியதாகத் தடவித் துடைத்தால் வெள்ளை போய்விடும். குசினிக்குப் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்தேன்.

"எங்க கொண்டு போறாய் அதை?"

"இவையளுக்கு வைக்க."

பெரியம்மா போத்தலைக் கையிலிருந்து வாங்கினா. "துடக்குக் கழியாமல் தலைக்கு எண்ணெய் வைக்கிறேல்லை."

"பெரியம்மா, இது பிளாஸ்டிக்."

"இந்த வீட்டுக்குள்ளதானே நிக்கினம்? நீ வைச்சனியோ? நான் வைச்சனானோ? அவைக்கு மட்டும் என்ன?"

பகிடியாகத்தான் சொன்னா என்று நினைக்கிறேன். ஆனால் போத்தலைத் திருப்பித் தரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. சவாலின் கடைசி நாள் அப்படியே கடந்து போனது. மற்றவர்கள் போட்ட படங்களைப் பார்த்தேன். எல்லாம் பளபளவென்று இருந்தன. எங்கள் ஆட்கள் மேசையில் வெள்ளையாகவே நின்றார்கள்.

முப்பத்தொன்று அன்று விடிய வெள்ளெனக் கடற்கரையில் கிரியை. அப்பாவும் மாமாவும் வந்தார்கள். பிண்டம் கரைத்து, முழுகி, வீட்டுக்கு வந்து ஐயர் புண்ணிய நீர் தெளித்துத் துடக்கைக் கழித்தார். சாப்பிட்டதும் அப்பா வலை தைக்க வேண்டும் என்று சல்லிக்குப் போய்விட்டார். மாமா வாசலில் சின்ன லொறியைக் கொண்டு வந்து நிறுத்தினார். டிரைவர் இறங்கிக் கயிற்றை எடுத்தார்.

"அக்கா, முதல் மேசையை ஏத்துவம். மருமகன், உங்கட சாமானை எடுங்கோ."

நான் எழும்பினேன். அதற்குள் பெரியம்மா கதிரையை இழுத்துப் போட்டு மேசைக்கு முன்னால் இருந்தா. கிண்ணத்தில் நல்லெண்ணெய். என் தூரிகைகளில் பெரியதை எடுத்துத் தோய்த்து, முதலாவது ஆளின் தலையில் வைத்துத் தடவினா. வெள்ளை உருகிப் போய்ச் சிவப்பு வந்தது.

"அக்கா, வாகனம் நிக்குது."

"நிக்கட்டும். இவையளுக்கு எண்ணெய் வைச்சு முடியேல்லை."

மாமா என்னைப் பார்த்தார். டிரைவர் எட்டிப் பார்த்து, "இவ்வளவு பேருக்கும் வைச்சுத் துடைக்கப் பொழுதுபட்டிடும்போல" என்றார். மாமா இன்னொரு கதிரையில் இருந்தார். பெரியம்மா இரண்டாவது ஆளுக்குப் போனா, மூன்றாவதுக்குப் போனா. தலை நிமிராமலே அவ சொன்னா:

"தம்பி, நீ செய்த எல்லாத்தையும் நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டன். ஆனா நான் வரேல்லை."

மாமாவுக்குக் கோபம் வருமென்று நினைத்தேன். வந்தது கோபமில்லை. "ஆரக்கா உங்களைப் பாக்கிறது?" என்றார். கையால் முகத்தைத் துடைத்தார்.

"நான் நிக்கிறன், மாமா" என்றேன்.

எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அந்த வசனத்துக்கு முன்னும் பின்னும் எனக்குள் அதே வெறுமைதான். ஆனால் சொல்லிவிட்டேன், அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

"உங்களுக்கு நியமனம் வந்தா?" என்று மாமா கேட்டார்.

"வந்தா, இஞ்ச இருந்து போய் வருவன்."

"தூரத்தில போட்டாங்கள் எண்டா?"

அவருக்குத் தேத்தண்ணி கொண்டு வந்து கொடுத்தேன். குடித்தார். போகும்போது, வீட்டைப் பூட்டவென்று வாங்கி வைத்திருந்த கேற் திறப்பைப் பெரியம்மாவின் கையில் வைத்தார். லொறி வெறுமையாகக் குச்சவெளிப் பக்கம் திரும்பியது.

பின்னேரம் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். காலம் கடந்துவிட்டதால் கணக்கில் சேராது என்று ஒருவர் மரியாதையாக எழுதினார். நன்றி என்று எழுதினேன்.

பெரியம்மா கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டு கேட்டா: "இரவைக்குப் புட்டோ, இடியப்பமோ?"

"எதெண்டாலும் சரி, பெரியம்மா."

"எதெண்டாலும் எண்டு ஒரு சாப்பாடு இல்லை. சொல்லு."

கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. அவ அடுப்பைப் பற்ற வைக்காமல் நின்றா.

"புட்டு" என்றேன்.