பஸ்ஸில் கேட்ட இரண்டாம் பாகம்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் தரச்சோதனைப் பிரிவில் இருக்கிறேன். வாலாஜாபாத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வருபவளுக்கு அசெம்பிளி லைனில் வேலை. ஒருநாள் அவளுக்கு ஒரு மாயாஜால நாவலைக் கொடுத்தேன். பழைய ரஷ்ய நாட்டுப்புறக் கதைகளை வைத்து எழுதியது, தமிழ் மொழிபெயர்ப்பு. அந்தக் கதையில் ஒவ்வொரு வீட்டு அடுப்புக்குப் பின்னாலும் ஒரு காவல் கிழவன் குடியிருப்பான். ஊர் எரியும்போது கதாநாயகி அடுப்புத் தணலைச் சட்டியில் அள்ளிக்கொண்டு காட்டுக்குள் ஓடுவாள். தணலோடு கிழவனும் போவான். முதல் பாகம் அங்கே முடிந்துவிடும்.

மூன்றே நாளில் படித்துவிட்டு வந்து நின்றாள்.

"அடுத்தது எங்கக்கா?"

"இங்கிலீஷ்லதான் இருக்கு. தமிழ்ல இன்னும் வரல."

"அப்போ இங்கிலீஷையே குடு."

பத்தாவதில் ஆங்கிலத்தை இரண்டாம் முறை எழுதித்தான் தேறினாள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். தயங்கித்தான் கொடுத்தேன். தினம் இரண்டு பக்கம். தெரியாத சொல்லுக்குப் போனில் அர்த்தம் பார்த்து, ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். படித்ததை மறுநாள் பஸ்ஸில் சொன்னாள். முன்சீட்டுப் பெண்கள் திரும்பி உட்கார்ந்தார்கள். சில நாட்களில் டிரைவரே பாட்டை நிறுத்திவிட்டார்.

கதை பனிப்புயலுக்கு வந்தபோது நான்தான் அவசரப்பட்டேன். "மனசைத் திடப்படுத்திக்கோ. இதுல கிழவன் செத்துடுவான்" என்றேன். பஸ்ஸே வாடிப்போனது.

இரண்டு நாள் கழித்து, வல்லக்கோட்டை தாண்டும்போது, புத்தகத்தை என் மடியில் விரித்து வைத்தாள்.

"அக்கா, கிழவன் சாவல. இங்க பாரு. சாம்பலுக்கு அடியில சூடு கீதுன்னு போட்டுக்கீது."

படித்துப் பார்த்தேன். ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்த நான், அடுத்தது என்ன என்ற வேகத்தில் அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது பெருமையாக இருந்தது.

நான்கு மாதத்தில் முடித்தாள். நடுவில் வந்து சேர்ந்தவர்கள் கேட்டதால், இப்போது புத்தகம் இல்லாமலே முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் கதையில் அடுப்புக் கிழவன் எங்கள் ஊர்ப் பேச்சுதான் பேசுகிறான். பனியில் நடுங்கும் பெண்ணிடம், "இன்னாம்மா, ரொம்ப குளுருதா? கிட்ட வா" என்கிறான்.