பார்வை அட்டையைப் பாடமாக்கிய யோகண்ணை

பரமேஸ் அக்கா போன் செய்தபோது நான் அன்றைய இரண்டாவது நோயாளியை அனுப்பிவிட்டு, அடுத்து யார் என்று பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்கு யோகநாதன் என்று இருந்தது. வழக்கம்போல அரை மணி நேரம் முன்னதாகவே வந்து வரவேற்பறையில் யாரையாவது சிரிக்கவைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபடிதான் போனை எடுத்தேன்.

"அவர் இண்டைக்கு வரமாட்டார், பிள்ளை. விடியப்புறம் நெஞ்சு நோகுது எண்டார். ஆம்புலன்ஸ் வந்தும் சரிவரேல்லை. அந்த நேரத்தை வேறை ஆருக்கும் குடும். வீணாப்போனா அவருக்குப் பிடிக்காது" என்றார் அக்கா.

கணவர் இறந்து நாலு மணி நேரம்கூட ஆகாத ஒரு பெண், அவருடைய கண் பரிசோதனை நேரத்தை ரத்துசெய்ய மறக்காமல் கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் இருவரையும் அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

ஒக்லண்ட் நகரின் பக்குரங்காவில் ஒரு கண் மருத்துவ நிலையத்தில் பார்வையைச் சோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் நான். ஒரு நோயாளியைப் பற்றி இந்த நினைவு மலரில் இப்படி எழுதலாமா என்று தயங்கி அக்காவிடமே கேட்டேன். "அவரே ஒக்லண்ட் முழுக்கச் சொல்லித் திரிஞ்ச கதை. நீர் எழுதாட்டித்தான் கோவிப்பார்" என்று சொல்லிவிட்டார். அந்த அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

யோகண்ணை முதன்முதலில் வந்தது ஏழு வருடங்களுக்கு முன்பு. அப்போதுதான் விரி என்ற பகுதியில் வாகன உதிரிபாகக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். நான் மதுரைக்காரி, வாய் நிறைய "சார்" என்று கூப்பிட்டேன். "சார் எண்டு சொல்லாதையும், ஏதோ அரசாங்கக் கச்சேரிக்கு மனு குடுக்க வந்த மாதிரிக் கிடக்கு. அண்ணை எண்டா காணும்" என்றார். எனக்கும் அவருக்கும் இருபத்தைந்து வயது வித்தியாசம். ஆனாலும் அன்றிலிருந்து அண்ணைதான்.

அவருக்கு மல்டிபிள் ஸ்க்ளீரோசிஸ் இருந்தது. உடம்பின் காவல்படை குழம்பிப்போய்ச் சொந்த நரம்புகளின் உறையையே தாக்கும் நோய் அது. நாற்பத்தி மூன்று வயதில் ஒரு காலை வலது கண் வலித்து, பார்வை மங்கி, போக்குவரத்து விளக்கின் சிவப்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் செங்கல் நிறமாகத் தெரிந்ததாம். அப்படித்தான் நோய் பிடிபட்டது. மங்கிய பார்வை பெரும்பாலும் திரும்பிவிடும். ஆனால் விழித்திரையில் இருக்கும் நரம்பு இழைகளின் படலம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல மெலியக்கூடும். கண்ணைத் தொடாமல், ஒளியாலேயே விழித்திரையைக் குறுக்குவெட்டாகப் படம் பிடிக்கும் எந்திரம் எங்களிடம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை அதில் அவருடைய படலத்தை அளந்து நரம்பியல் டாக்டருக்கு அனுப்புவது என் வேலை.

முதல் படத்தைத் திரையில் காட்டியபோது மனிதர் வெகுநேரம் ரசித்துப் பார்த்தார். "பிறந்தநாளுக்கு வெட்டுற ரிபன் கேக் மாதிரியெல்லோ கிடக்கு. இதிலை எனக்கு எந்த நிறம் குறையுது?" என்று கேட்டார். மேலே இருந்த மெல்லிய படலத்தைக் காட்டினேன். அன்று முதல் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், கேக் எப்படி இருக்கிறது என்றுதான் விசாரிப்பார்.

இந்தப் படலம் மெலிந்தவர்களுக்குக் கறுப்பு எழுத்து ஓரளவு தெரியும். வெள்ளைமேல் வெள்ளை, சாம்பல்மேல் சாம்பல்தான் கண்ணாமூச்சி ஆடும். வெள்ளைத் தட்டில் இடியப்பம் போட்டால் எது இடியப்பம், எது தட்டு என்று அவருக்குத் தெரியாது. பரமேஸ் அக்கா கறுப்புத் தட்டுகள் வாங்கிவிட்டார். ஒரு கலியாண வீட்டில் பந்தி நடுவே அக்கா கைப்பையிலிருந்து கறுப்புத் தட்டை எடுத்து வைத்தபோது, நல்ல காரியத்தில் கறுப்பா என்று மாப்பிள்ளையின் பெரியம்மா முகம் சுளித்தாராம். "சோறு வெள்ளைதானே அம்மா, ரெண்டும் சேர்ந்தா சரியாப்போகும்" என்றாராம் அண்ணை. அந்தப் பெரியம்மாவே அவருக்கு இரண்டாம் முறை பாயசம் கொண்டுவந்து கொடுத்ததாகக் கேள்வி.

இனி அந்த அட்டைக் கதை. அண்ணையிடம் ஏழு பேர் இருக்கும் வான் ஒன்று இருந்தது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைதோறும் கார் ஓட்டத் தெரியாத நாலு முதியவர்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் போவார். ஓய்வுக்குப் பிறகு அவருக்கு அதுதான் உத்தியோகம், அதுதான் பெருமை. நோய் இருப்பதால் வண்டி ஓட்டக் கண் சான்றிதழ் வேண்டும் என்று குடும்ப டாக்டர் சொல்லியிருந்தார். அதில் கையெழுத்துப் போடுகிறவள் நான். இரண்டு முறை போட்டேன்.

எனக்கு ஒரு விஷயம் மட்டும் புரியாமலே இருந்தது. படத்தில் படலம் மெலிந்துகொண்டே போனது. ஆனால் சுவரில் மாட்டிய அட்டையை அவர் கடைசி வரிவரை கடகடவென்று படித்தார். சாம்பல் எழுத்து அட்டையையும் விடவில்லை. இப்படியும் சிலருக்கு இருக்கும்போல என்று நானே ஒரு சமாதானம் கண்டுபிடித்து, சக ஊழியர்களிடம் பெருமையாகவும் சொன்னேன். பக்கத்து அறையில் எழுத்துகளை மாற்றி மாற்றிக் காட்டும் கம்ப்யூட்டர் திரை இருந்தது. அண்ணை மட்டும் அங்கே வரவே மாட்டார். இந்த அறையில்தான் காற்று நன்றாக வருகிறது என்பார். நானும் ஜன்னலைத் திறந்துவைத்தேன், புத்திசாலி.

பிறகு ஒரு வருடம், பழைய அட்டைகள் மஞ்சளாகிவிட்டன என்று நிர்வாகம் புதியவற்றை மாட்டியது. அளவும் அமைப்பும் அதேதான். எழுத்துகள் மட்டும் வேறு. அண்ணை உட்கார்ந்தார், தொண்டையைச் செருமினார், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தங்குதடையின்றிச் சொன்னார். ஒரே ஒரு குறை, அதில் எதுவும் சுவரில் இல்லை. என் கண்தான் கெட்டுவிட்டதோ என்று ஒரு நிமிடம் பயந்தேன். நான் எழுதாமல் நிற்பதைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"அட்டையை மாத்திப்போட்டீரோ?" என்றார்.

கிடங்கில் ஆயிரக்கணக்கான உதிரிபாக எண்களைத் தலைக்குள் வைத்திருந்தவருக்கு இரண்டு அட்டை எம்மாத்திரம்? சீக்கிரம் வந்து, நான் கோப்பெடுக்கப் போகும் சமயத்தில் அட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று பாடமாக்கியிருக்கிறார். "பாடமாக்கினா பாஸ் எண்டுதானே எங்களைப் படிப்பிச்சவை" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வானில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள், அதற்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தேன். பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய்த் திரையில் சோதித்தேன். வண்டி ஓட்டத் தேவையான வரி வருவதற்குள்ளேயே நின்றுவிட்டார். இனி ஓட்டக்கூடாது, டாக்டருக்கு எழுதத்தான் வேண்டும் என்றேன். வருகிற வெள்ளிக்கிழமை ஒருநாள் மட்டும் என்று கேட்டார். முடியாது என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

அண்ணை சட்டைப் பையிலிருந்து வான் சாவியை எடுத்து என் மேசைமேல் வைத்தார். "உம்மிலை பிழை இல்லை, பிள்ளை. தெரியேல்லை எண்டு சொன்னா எல்லாத்தையும் பறிச்சுப்போடுவினம் எண்டு பயந்திட்டன்." கோபமெல்லாம் போய்விட்டது எனக்கு. மதிய இடைவேளையில் என் காரில் அவரை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க, நான் சமிக்ஞை போடும் அழகைப் பற்றி அவருக்கு விமர்சனம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அந்த நாலு பேரும் கோயிலுக்குப் போனார்கள், அண்ணையின் தலைமையில். பஸ், பிறகு ரயில், ஒடாஹுஹுவில் இறங்கி இன்னொரு பஸ். நேர அட்டவணை முழுவதையும் பாடமாக்கியிருந்தார். அதை யாரும் குறைசொல்ல முடியாது. ஆனால் வருகிற பஸ்ஸின் எண்ணைப் படிக்க முடியாது. அங்கே நின்ற ஒரு பெரிய உருவமுள்ள சமோவாத் தீவுப் பையனிடம் போய், எனக்கு இது தெரியவில்லை தம்பி, எந்த பஸ் என்று கேட்டாராம். அந்தப் பையன் ஐந்து பேரையும் ஏற்றிவிட்டுத்தான் போனானாம். "ஒண்டையும் பறிச்சுப்போடேல்லை பிள்ளை, உதவிதான் செய்தவன்" என்று என்னிடம் அதிசயமாகச் சொன்னார். மறுவாரத்திலிருந்து ஒடாஹுஹுவில் இறங்கி மரக்கறி வாங்குவதும் பயணத்தில் சேர்ந்துகொண்டது. பூசைக்குக் கத்தரிக்காய்ப் பைகளோடு வந்து நின்ற அந்தக் குழுவை உங்களில் பலர் கேலி செய்திருக்கிறீர்கள். அவர்களில் ஒருவரும் மறுபடி வான் கேட்கவில்லை.

கடைசியாக அவரைப் பரிசோதித்தது ஒரு வருடத்துக்கு முன்பு. படம் திரையில் வந்ததும் பார்த்தேன். நல்ல கண்ணாக இருந்த இடது கண்ணிலும் படலம் குறைந்திருந்தது. "பெரிய மாற்றம் ஒண்ணும் இல்ல அண்ணை, நல்லா இருக்கு" என்றேன். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டு, எல்லோருக்கும் சொல்கிற அதே குரலில்.

அவர் எந்திரத்திலிருந்து முகவாயை எடுத்தார். "இப்ப நீர்தான் பாடமாக்கினதைச் சொல்லுறீர்" என்றார்.

திரையை அவர் பக்கம் திருப்பி, குறைந்த இடத்தைக் காட்டினேன். அவர் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். மெலிஞ்சுதான் போச்சு என்று தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பரமேஸின்ரை முகம் எவ்வளவு காலத்துக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியல, அண்ணை."

"அப்பிடிச் சொல்லும்" என்றார், பெரிய நிம்மதியோடு. அக்காவின் முகம் அவருக்குக் கடைசிவரை தெரிந்தது. இதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி.

நினைத்தால் சிரிக்கவைக்கும் அவருடைய பகிடி ஒன்றாவது உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும். என்னிடம் இருப்பது, எனக்குத் தெரியல என்று அவர் என்னைச் சொல்லவைத்த அந்த ஒரு பதில்தான். போன வாரம் ஒரு இளம்பெண் வந்தாள், நோய் கண்டுபிடித்து இரண்டு மாதம்தான் ஆகிறது. என் கண் என்ன ஆகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். இன்றைக்குப் படத்தில் இருப்பதைக் காட்டுகிறேன், அடுத்த வருடமும் சேர்ந்து பார்ப்போம் என்றேன். முன்பெல்லாம் இதுபோன்ற கேள்விக்குக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பதில் சொல்லுவேன். இப்போது கேட்டவர் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன். யோகண்ணைக்கு என் முகம் சரியாகத் தெரிந்திருக்காது. ஆனாலும் அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பற்றி என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார்.