படையலுக்கு வந்தவர்

செய்தி வந்தபோது நான் கூலிம் பாசாரில் மீன் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் துடுப்புக் குழுவின் வாட்ஸ்அப்பில், லெட்சுமி அக்காவின் எண்ணிலிருந்து அவர் மகள் எழுதியிருந்தாள்: "அம்மா இன்று காலை போய்விட்டார்." அந்த எண்ணிலிருந்து கேலியும் கிண்டலும்தான் வரும். இதுவும் ஏதோ விளையாட்டு என்றே நினைத்தேன். மறுபடி படித்ததும்தான் புரிந்தது. மீன் வாங்காமலே திரும்பினேன்.

நாங்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் அக்காவைத் தெரிந்தவர்களுக்கு அவர் கறாரான மேற்பார்வையாளர். எனக்கும், கம்பெனி பஸ் ஓட்டும் முருகையா அண்ணனுக்கும் அவர் வேறு ஆள். ஐம்பது வயதுக்குமேல் காற்றடைத்து மிதக்கவிடும் பலகை ஒன்றை வாங்கி, அதன்மேல் நின்று துடுப்புப் போடப் பழகியவர். எங்களையும் இழுத்துவிட்டார். "எஸ்டேட்டுல பொறந்தவளுக்குத் தண்ணின்னா கொழாத் தண்ணிதான்னு எவன் சொன்னான்?" என்பார். வரிசையில் கடைசி இடம் எப்போதும் அவருக்குத்தான். "முன்னால போறவனுக்கு வழி தெரிஞ்சா போதும்லா. பின்னால வர்றவளுக்கு எல்லாரையும் தெரியணும்."

சென்ற ஆண்டு, கூடாரம், அரிசி, குடிநீர் எல்லாவற்றையும் பலகைகளில் கட்டிக்கொண்டு மெர்போக் ஆற்றின் சதுப்புக்காட்டுக்குள் போனோம். எனக்கு அந்தக் காடு முதலிலேயே பிடிக்கவில்லை. வாய்க்கால் குறுகக் குறுகப் பறவைச் சத்தம் அடங்கியது. வேர்களுக்கிடையே நீர் கறுத்துக் கிடந்தது. வலை வீசிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர், கையைத் தண்ணீருக்குள் விடாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. முதலை என்ற சொல்லை ஆற்றில் சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. 'பெரியவரு' என்றுதான் சொல்ல வேண்டும்.

மாலையில் சற்று மேடான கரையில் கூடாரம் அடித்தோம். புது இடத்தில் தங்கினால் காவல் சாமியிடம் உத்தரவு கேட்க வேண்டும் என்பது முருகையா அண்ணன் வளர்ந்த தோட்டத்து வழக்கம். வாழை இலையில் கோழிக்கறி, அவித்த முட்டை, ஒரு சுருட்டு. கூடாரத்துக்குக் கொஞ்சம் தள்ளி நீரோரமாக வைத்துக் கும்பிட்டார். "முனியாண்டி பாத்துக்குவாருலா, நிம்மதியாத் தூங்குங்க" என்றார்.

விடிந்து நான் வெளியே வந்தபோது, அக்கா துடுப்பால் சேற்றைத் தேய்த்துச் சமன் செய்துகொண்டிருந்தார். இன்னும் அழியாத மிச்சத்தை நான் பார்த்துவிட்டேன். தண்ணீரிலிருந்து இலை வைத்த இடம்வரை, வயிறு இழுபட்ட அகலமான தடம். இருபுறமும் நகம் பதிந்திருந்தது. அங்கிருந்து எங்கள் கூடாரத்தை நோக்கியும் கொஞ்ச தூரம் வந்து திரும்பியிருந்தது. இலையைக் காணோம்.

"வாயத் தொறக்காத தேவி" என்றார் அக்கா, தாழ்ந்த குரலில். "அண்ணனுக்குத் தெரிஞ்சா கை நடுங்கும். கை நடுங்குனா பலக ஆடும். கரையேறுன பெறகு பயந்துக்கலாம்."

அண்ணன் எழுந்து வந்து வெறும் சேற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துபோனது. "பாத்தீங்களா, சாமி வந்து ஏத்துக்கிட்டாரு!"

"ஆமாண்ணே, சுருட்டக்கூட விடல" என்றார் அக்கா.

வெளியேற அந்த வாய்க்காலை விட்டால் வேறு வழி இல்லை. அண்ணன் முன்னால் சாமிப் பாட்டுப் பாடிக்கொண்டு போனார். நான் நடுவில். பின்னால் அக்காவின் துடுப்புச் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் அது நின்றது. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அண்ணனின் பாட்டு மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்துத் துடுப்பு மறுபடி நீரில் இறங்கியபோது என் கண்ணில் நீர் வந்துவிட்டது. படகுத்துறையில் கரையேறியதும், ஏன் நின்றீர்கள் என்று கேட்டேன். "இடுப்பு வலிலா, வயசாச்சு" என்று சிரித்தார்.

இழவு வீட்டில் மகள் சொன்னாள். புற்றுநோய் முதுகெலும்புவரை பரவியிருந்தது அக்காவுக்கு அந்தப் பயணத்துக்கு முன்பே தெரியுமாம். எங்களிடம் வெறும் வயிற்றுக் கோளாறு, கேஸ்ட்ரிக் என்றார். சாமி வந்து சாப்பிட்டார் என்று அண்ணன் நம்பியதுபோல நாங்களும் நம்பினோம். எனக்கு அழுகைக்கு முன் கோபம்தான் வந்தது. எங்கள் கை நடுங்கினால் நடுங்கட்டுமே! தன் நோயின் தடத்தையும் தேய்த்து அழித்துவிட்டு, இத்தனை நாளும் எங்களுக்குப் பின்னால் தனியாக வந்திருக்கிறார்.

அவருடைய துடுப்பை மகள் எனக்குக் கொடுத்தாள். அதன் விளிம்பில் மெர்போக் சேறு இன்னும் காய்ந்து ஒட்டியிருக்கிறது.

முருகையா அண்ணே, அன்று படையலுக்கு வந்தவர் முனியாண்டி இல்லை. அக்காவிடம் இனிச் சண்டை போட முடியாது, என்னிடம் போடுங்கள். அடுத்த முறை வரிசையில் கடைசி இடம் எனக்கு. அக்காவிடமிருந்து அதை எடுத்துக்கொள்கிறேன். ஆனால் சேற்றில் தடத்தைக் கண்டால் சத்தம்போட்டு உங்களை எழுப்புவேன். உங்கள் உடம்பில் அப்படியொரு தடத்தைக் கண்டால், அண்ணே, நீங்களும் என்னை எழுப்ப வேண்டும்.