நுரைக்காத சோப்பு

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்றில், போன மாதத்திலிருந்து துடைக்கிற வேலை பார்க்கிறேன். இதற்கு முன் பார்த்த வேலைகளைச் சொன்னால் நீளும். எந்த ஊரிலும் இரண்டு வருடத்துக்கு மேல் எனக்கு இருப்புக்கொள்ளாது. கடையில் தகர விளம்பரப் பலகை ஒன்று இருக்கிறது. சேலை கட்டிய பெண் ஒருத்தி, சோப்பு நுரை வழியும் கையைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறாள். நூறு வருடத்துக்கு முன் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய் மாட்டிய பலகை என்று முதலாளி வருகிறவர்களிடம் சொல்வார். அந்த நுரையைத் துடைக்கும்போதெல்லாம், இவளுக்கு எந்த ஊர்த் தண்ணீர் கிடைத்தது என்றுதான் எனக்குத் தோன்றும்.

எங்கள் கோவளத்துக்கு சோப்பு விளம்பரம் வந்து இறங்கியபோது எனக்குப் பத்து வயது. மாட்டு வண்டி போய் ஒலிபெருக்கி கட்டிய வேன் வந்திருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வேனில் வந்தவர் ஒரு டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு, முழங்கை வரை ரோஜா நிற சோப்பைத் தேய்த்தார். பஞ்சுப் பொதி மாதிரி நுரை எழும்பியது. பெண்கள் வாயைப் பிளந்தார்கள். எங்கள் கிணறுகளில் உப்புத் தண்ணீர். அதில் எந்த சோப்பும் வழுக்குமே தவிர நுரைக்காது. அவர் தண்ணீரையும் கையோடு கொண்டுவந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு ஒரு சோப்பு இலவசம். என் மாமா, அம்மாவின் தம்பி, மூன்று முறை வரிசையில் நின்றார். முதலில் வெற்றுடம்போடு, பிறகு சட்டையோடு, கடைசியில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு.

"அண்ணே, உங்களுக்குக் குடுத்தாச்சே?"

"அது எங்க அண்ணன்பா. ரெண்டு பேரும் ஒரே மாறி இருப்போம்."

"அப்ப, சட்டை போட்டுகினு வந்தவரு?"

"அவரு பெரியண்ணன்."

கூட்டம் சிரித்தது. சோப்புக்காரரும் சிரித்துவிட்டுக் கொடுத்தார். அதில் ஒன்று எனக்கு வந்தது.

அம்மா கரையில் மீன் எடுத்து, பஸ்ஸில் செம்பாக்கம் போய், ஏரிப் பக்கத்துத் தெருவில் வீடு வீடாக விற்பாள். அந்தத் தெருவில் ஒரு டீச்சர் வீடு இருந்தது. மீன் நல்லது என்று டீச்சர் சொன்னால் தெருவே வாங்கும். எங்கள் ஊரில் ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். என்னைத் தன் பள்ளியில் ஆறாவதில் சேர்த்து, விடுதியிலும் இடம் வாங்கித் தருவதாக டீச்சர் சொல்லியிருந்தார். ஆனால் முதலில் என்னைப் பார்க்க வேண்டுமாம்.

"நாளைக்கு டீச்சர் வூட்டுக்குப் போறோம். நாத்தம் அடிக்காம வரணும், இன்னா?" என்றாள் அம்மா. "உன்னைப் பார்த்துட்டுதான் சொல்லுவாங்க."

சாயங்காலம் அந்த சோப்பைப் போட்டுக் குளித்தேன். பிறகுதான் ஒன்று தோன்றியது. நான் மட்டும் மணத்தால் போதுமா? பஸ்ஸில் அம்மா மீன் கொண்டுபோகும் அன்னக்கூடை எங்கள் காலடியில்தானே இருக்கும்? அந்தக் கூடையைப் பார்த்தாலே ஜனங்கள் மூக்கைப் பிடிப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்திருந்த அலுமினியக் கூடையை எடுத்து, உள்பக்கம் முழுக்க சோப்பைத் தேய்த்தேன். நுரைக்கவில்லை. நுரைக்கவில்லையே என்று மேலும் தேய்த்தேன். சோப்பு பாதியானது. இரண்டு சொம்பு கிணற்றுத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கவிழ்த்து வைத்தேன்.

மறுநாள் விடியலில் அம்மா அதில் சங்கரா மீனை அடுக்கி, மேலே ஐஸ் உடைத்துப் போட்டு, சாக்கால் மூடினாள். கரையின் வாசனையில் அவளுக்கு வேறொன்றும் தெரியவில்லை. ஐஸ் நல்ல தண்ணீரில் செய்தது என்பது என் புத்திக்கு எட்டியிருக்கவில்லை. வெயிலில் அது உருக உருக, வழியெல்லாம் பஸ் குலுக்கியது.

டீச்சர் வீட்டு வாசலில் அம்மா சாக்கை விலக்கினாள். மீன்கள் நுரைக்குள் படுத்திருந்தன. வேன்காரர் கையில் பார்த்த அதே வெள்ளை நுரை.

டீச்சர் ஒரு மீனின் செவுளைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டுக் கையை உதறினார். "என்னம்மா இது? சென்ட் வாசனை வருது! பழைய மீனைக் கழுவிக் கொண்டுவந்தியா?"

அம்மா குனிந்து மோந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தலையிலும் அதே ரோஜா வாசனைதான்.

"பழசு இல்லம்மா. காத்தாலதான் கரைக்கு வந்தது. நாந்தான் கூடைய சோப்பு போட்டுக் கழுவிட்டேன். வேன்ல சும்மா குடுத்தான், அந்த சோப்பு."

"எத்தனை வருஷமா மீன் விக்கிற? இதுகூடவா தெரியாது?"

"புத்தி கெட்டுப்போச்சும்மா."

எதிர் வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். டீச்சர் முகத்தைக் கழுவித் துடைத்த மாதிரி கோபத்தை மாற்றிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். பேர் கேட்டார், பதினாறாம் வாய்ப்பாடு கேட்டார். என் தலையைத் தொட்டவர், "பொண்ணை மட்டும் நல்லா சுத்தமா வெச்சிருக்க. திங்கக்கிழமை கூட்டிட்டு வா" என்றார்.

அன்று அந்தத் தெருவில் ஒரு மீனும் போகவில்லை. அதன்பிறகும் போகவில்லை. அம்மா மேடவாக்கம் பக்கம் புதிதாக வாடிக்கை பிடிக்க வேண்டியிருந்தது. அங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. நாள் முழுக்க நடை. ஊர் திரும்பியதும் கூடையை மணல் போட்டுத் தேய்த்தாள். மாமா வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சோப்பு மேல தப்பு இல்லக்கா, ஐஸ் மேலதான் தப்பு" என்றார். அம்மா அவர்மேல் மணலை வாரி இறைத்தாள்.

நான் அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். எட்டாவதில், யாரும் போகச் சொல்லாமலே, விடுதிச் சுவர் ஏறிக் குதித்து வந்துவிட்டேன். அன்றும், கேட்டவர்களிடம் அம்மா, "நாந்தான் வரச் சொன்னேன்" என்றாள்.

ஆனால் டீச்சர் வீட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமை, திரும்பி வரும் பஸ்ஸில், விற்காத மீன் காலடியில் இருக்க, அம்மா மடியில் தலை வைத்துப் படுத்திருந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் செய்தது அவளுக்குத் தெரியவில்லை என்றுதான் அந்த வயதில் நினைத்தேன். எனக்கு முன்போ பின்போ அவளும் அந்தக் கூடையை ஒருமுறை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள். அதனால்தான் அத்தனை நுரை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன்.