கைப்பையில் ஓர் இறப்புச் சான்றிதழ்

மனைவியை இழந்த ஆண் யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? அந்த அம்மாளின் இறப்புச் சான்றிதழை உடனே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், பார்ப்போம். பரணிலா, பீரோவிலா, மகள் வீட்டிலா என்று தலையைச் சொறிவார். கணவனை இழந்த பெண்ணிடம் அதையே கேளுங்கள். நீங்கள் கேட்டு முடிப்பதற்குள் தாள் உங்கள் கைக்கு வந்திருக்கும். இந்த வித்தியாசம் ஒரு பெண்ணை நாட்டைவிட்டே அனுப்பப் பார்த்தது.

பல்லக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பல் செட் செய்யும் கூடம் ஒன்றில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, ராவி, மெருகேற்றித் தருவார். பலகையில் மருத்துவர் பெயர் இருக்கும். வாயில் இவர் வேலை இருக்கும். பட்டப்பெயர் அப்படி வந்ததுதான்.

இரண்டரை மாத விடுப்பில், சுற்றுலா விசாவில், வெளிநாட்டிலிருந்த தங்கை வீட்டுக்கு வந்தார். திரும்பும் டிக்கெட்டும் எடுத்திருந்தார். விமான நிலையத்தில் காரணம் கேட்டபோது, "தங்கச்சியப் பாக்க. அவ சமைச்சு நான் உக்காந்து சாப்பிட" என்றார். அதில் ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.

இரண்டாவது வாரம் தங்கை குடியிருந்த ஆறாவது மாடியில் லிஃப்ட் சிக்கிக்கொண்டது. பழுது பார்க்க வந்தவர் அந்த நாட்டுக் குடிமகனான தமிழர், ஐம்பத்தாறு வயது, மனைவி இறந்து ஒன்பது ஆண்டுகள். கையெல்லாம் கிரீஸோடு கதவைத் தட்டித் தண்ணீர் கேட்டார். பேசப் பேச அவர் வாயில் ஏதோ டக் டக்கென்று அடித்தது.

"எத்தனை மாசமா உறுத்துது?" என்றார் பல்லக்கா.

"எதுங்க?"

"கீழ் வரிசை, இடது பக்கம். அந்தப் பல் செட்டக் கழட்டிக் குடுங்க."

தண்ணீர் கேட்ட வீட்டில் பல்லைக் கேட்டால் மனிதர் என்ன செய்வார்? சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். பல்லக்கா தங்கையின் லிப்ஸ்டிக்கைப் பஞ்சில் தொட்டு நீட்டினார். "கண்ணாடியப் பாத்து, வலிக்கிற இடத்துல வைங்க. அப்புறம் செட்டப் போட்டுக் கடிங்க." கழற்றியபோது உட்புறத்தில் சிவப்பாக ஒரு புள்ளி ஒட்டியிருந்தது. அந்த இடத்தை மட்டும் நகம் ராவும் அரத்தால் தேய்த்தார்.

"அக்கா! அது என் கல்யாண நாளுக்கு வாங்கின லிப்ஸ்டிக்!" என்று அலறினாள் தங்கை.

"உனக்கு ஒரு நாள் வாங்கினது, அவருக்குத் தினமும் உதவுதே. விடுடி."

லிஃப்ட்காரர் மறுபடி இரண்டு முறை வந்தார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை பல்லக்கா செட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லையே" என்றார்.

"தெரியுங்க. உங்கள விட்டுட்டுத் திரும்பிப் போறதுதான் கஷ்டமா இருக்கு."

பல்லக்கா இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் அவரைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுல நான் சும்மா உக்கார மாட்டேன். சட்டப்படி அனுமதி கிடைச்சதும் வேலைக்குப் போவேன்" என்றார்.

"போங்க. சமையல்ல பாதி என்னோடது. ஆனா உப்பு நீங்கதான் போடணும், எனக்குக் கை நிக்காது."

வெளியூரில் வேலையிலிருந்த மகன் போனில், "யாரும்மா அவரு? உனக்குப் பிடிச்சிருக்கா? அப்ப சரி" என்று முடித்துக்கொண்டான். தங்கை முடிக்கவில்லை.

"இந்த வயசுலயாக்கா? ஊரு என்ன பேசும்?"

"ஊருல பாதிப்பேரு நான் செஞ்ச பல்லப் போட்டுக்கிட்டுதான் பேசுறாங்க. நல்லாவே பேசட்டும்."

திருமணப் பதிவு அலுவலகத்தில் இருவரிடமும் முந்தைய துணையின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். எழுத்தர் வாயை மூடுமுன் பல்லக்கா கைப்பையைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த அசலையும் நான்கு நகல்களையும் மேசையில் வைத்தார். லிஃப்ட்காரர் வீட்டில் மூன்று நாள் தேடினார். கட்டிலுக்கடியில் தேடினார், ஸ்பேனர் பெட்டியைக்கூடக் கொட்டிப் பார்த்தார். கடைசியில் நகராட்சியில் மனு போட்டு, நான்கு வாரம் கழித்துப் புதிய நகல் வாங்கினார். விசா முடிய ஆறு நாள் இருக்கும்போது திருமணம் பதிவானது. சாட்சிக் கையெழுத்துப் போட லிஃப்ட்காரரின் கூட்டாளிகள் இரண்டு பேர் வந்தார்கள். தங்கை வரவில்லை.

அங்கேயே தங்குவதற்கு விண்ணப்பித்து இரண்டு மாதத்தில் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஒரு பெண் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். எப்படிப் பழக்கம் என்று கேட்டார். பல்லக்கா லிப்ஸ்டிக்கிலிருந்து தொடங்கிச் சொன்னார்.

"சுற்றுலா விசாவுல வேலை பாத்தீங்களா? காசு வாங்கினீங்களா?"

"காசு வாங்கலம்மா. ஆளத்தான் வாங்கிட்டேன்."

அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு தாளை எடுத்துத் திருப்பி வைத்தார். "ரெண்டரை மாசம் சுத்திப் பாக்க வந்தவங்க, செத்துப்போன புருஷனோட சான்றிதழ ஏன் கொண்டு வந்தீங்க? கல்யாணம் பண்ணத் திட்டம் போட்டுத்தானே வந்தீங்க? அப்படின்னா விமான நிலையத்துல சொன்னது பொய். தெரியுதா?"

இருபத்தொரு நாள் கழித்து நடக்கும் அடுத்த விசாரணையில் ஆதாரத்தோடு விளக்க வேண்டும். தவறினால் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும் என்று கடிதம் வந்தது.

தலை சுற்றுகிறதல்லவா? அந்தச் சான்றிதழைத் தேடித் திண்டாடிய ஆணை யாரும் சந்தேகப்படவில்லை. கையோடு வைத்திருந்த பெண்தான் சதிகாரி. அவர் ஏன் வைத்திருந்தார்? கணவர் போன பதினொரு ஆண்டுகளில் வங்கி கேட்டது, எரிவாயு அலுவலகம் கேட்டது, மகனின் பள்ளி கேட்டது. வாடகை வீடு பார்க்கப் போனால் வீட்டின் சொந்தக்காரர்கூட "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்று கேட்டு, சொன்னால் நம்பாமல் தாளைப் பார்த்தார். பெண்ணை இப்படிப் பழக்கியதும் அலுவலகம்தான். பழகிவிட்டாயே என்று குற்றம் சாட்டுவதும் அலுவலகம்தான். இதற்கு நியாயம் என்று பெயர் வைத்தால் அநியாயத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.

லிஃப்ட்காரர் பயந்துபோனார். "பையன் கூரியர்ல அனுப்பினான்னு சொல்லிடுவோமா? சின்னப் பொய்தானே?"

"இப்போ அவங்க சொல்றது பொய். நாம அதச் சொன்னா நான் நிஜமாவே பொய்க்காரி ஆயிடுவேன். மாட்டேன்" என்றார் பல்லக்கா. "நான் இங்க முன்னாடி ஒரு தடவ வந்தேன். நாலு வருஷம் ஆச்சு. அப்போ எனக்குக் குடல்வால் ஆபரேஷன் நடந்துச்சு. கையெழுத்துப் போடப் புருஷன் எங்கன்னு கேட்டு, ஆஸ்பத்திரிக்காரங்களும் இதே தாளத்தான் கேட்டாங்க. நகல் குடுத்தேன். அந்தக் கோப்பு தங்கச்சிகிட்ட இருக்கு."

மறுநாளே தங்கை வீட்டுக்குப் போனார். திருமணத்துக்குப் பிறகு அந்த வாசலை மிதிப்பது அதுதான் முதல் முறை. தங்கை கதவைப் பாதிதான் திறந்தாள்.

"விடுப்பு முடிஞ்சதும் உன்னைத் திருப்பி அனுப்பிடுவோம்னு அழைப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டது என் புருஷன்தான் அக்கா. இப்போ நாங்க வந்து பேசினா எங்க மேலயும் சந்தேகம் வரும்கிறாரு. ராத்திரி தூங்கவே இல்ல மனுஷன்."

"எனக்காகப் பரிஞ்சு ஒரு வார்த்தை பேச வேணாம். என் கல்யாணம் சரின்னுகூடச் சொல்ல வேணாம். நாலு வருஷத்துக்கு முன்னால என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லு. நடந்ததச் சொல்றதுக்கு என்னடி பயம்?"

பல்லக்கா கெஞ்சவில்லை, விசாரணைத் தேதியை ஒரு சீட்டில் எழுதி வாசலிலிருந்த செருப்பு அலமாரி மேல் வைத்துவிட்டுக் கீழே இறங்கினார்.

விசாரணை நாளில், பழைய பதிவைக் கேட்டு மருத்துவமனைக்கு எழுதிய மனுவின் நகலை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள், பதில் வந்திருக்கவில்லை. பெயர் கூப்பிடும் நேரத்தில், மூச்சு வாங்க, மார்போடு ஒரு நீலக் கோப்பை அணைத்தபடி தங்கை வந்து நின்றாள். கூடவே அவள் கணவரும்.

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அறுவைச் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்துக்குப் பின்னால் அதே இறப்புச் சான்றிதழின் நகல். அதன் மேல் மருத்துவமனை முத்திரை, நான்கு ஆண்டுக்கு முந்தைய தேதி.

"அப்போ இந்த லிஃப்ட்காரர் எங்க இருந்தாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்றாள் தங்கை. நடந்ததை மட்டும் சொல்ல வந்தவளால் அங்கே நிறுத்த முடியவில்லை. "குடல்வால் வெடிக்கிற நிலைமை மேடம். வலியில துடிக்கிறா. அப்பவும் புருஷன் செத்ததுக்கு அத்தாட்சி குடுன்னாங்க. எங்க அக்கா வேணும்னு தூக்கிட்டுத் திரியல. நீங்கல்லாம் தூக்க வச்சீங்க."

அதிகாரி லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "உங்க மனைவியோட சான்றிதழ எத்தனை பேரு கேட்டிருக்காங்க?"

லிஃப்ட்காரர் யோசித்தார். "கல்யாணத்துக்குக் கேட்டாங்க. அவ்வளவுதாங்க."

அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஐந்தாவது வாரம் அனுமதி வந்தது.

இப்போது பல்லக்கா பக்கத்துத் தெருவில் ஒரு பல் கூடத்தில் வேலை பார்க்கிறார். சம்பளக் கணக்குத் தொடங்க லிஃப்ட்காரரோடு வங்கிக்குப் போனபோது, படிவத்தில் 'முந்தைய கணவர் இறந்திருப்பின் சான்றிதழ் இணைக்க' என்று ஒரு வரி இருந்தது. கைப்பை திறந்துதான் இருந்தது. பல்லக்கா அதை மூடினார்.

"தர மாட்டேன். ரெண்டு வருஷம் முன்னாடி இவர் இங்க கணக்குத் தொடங்கினப்போ கேட்டீங்களா? இவர் குடுத்தத எடுத்துக் காட்டுங்க, நானும் காட்டுறேன்."

மேலாளர் வரும்வரை ஒன்றரை மணி நேரம் கவுண்டரைவிட்டு நகரவில்லை. மேலாளர் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அந்த வரியைப் பேனாவால் அடித்துக் கையெழுத்துப் போட்டார். கணக்கு தொடங்கியது, வங்கி இடிந்து விழவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களைத்தான் கேட்கிறேன். நாளைக் காலை உங்கள் அலுவலகப் படிவத்தை எடுங்கள். ஆணிடம் கேட்காததைப் பெண்ணிடம் கேட்கும் வரி எது என்று பாருங்கள். பேனாவை எடுத்து அதை அடியுங்கள்.