நகத்தளவு கறுப்பு மண்

மண் ராசா என்று அவனுக்குப் பேர் வைத்தது கூட வேலை பார்த்தவர்கள். கேலிக்கு வைத்த பேர்தான். அவனோ அதைக் கிரீடம் மாதிரி சூடிக்கொண்டு திரிந்தான். அவன் ஆண்ட ராஜ்யம் ஒரே ஒரு குளிர் அறை. ஆராய்ச்சி நிலையத்தின் பின்பக்கம், ஜன்னல்கூட இல்லாத அறை. உள்ளே இரும்பு அடுக்குகள், அடுக்குகளில் நீளப் பெட்டிகள், பெட்டிகளுக்குள் பூமியைத் துளைபோட்டு உருவிய மண் தண்டுகள். சாவி எப்போதும் அவன் இடுப்பில். குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டான். அறைக்குள் போகிறவன் கனத்த கோட்டு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதைப் போட்டுக்கொண்டே கடைத்தெருவுக்கும் போய் வருவானே, அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அவன் மனைவிக்கும் அதே நிலையத்தில்தான் வேலை. அறைகளைக் கூட்டித் துடைப்பது. ராசா கையில் சாவி, ராணி கையில் துடைப்பம்.

அந்தப் பெட்டிகளிலேயே பேர்பெற்றது ஒன்றுதான். யுகங்களுக்கு முன்னால் இருந்த ஒரு ஏரியின் அடிமண். தண்டு முழுக்கச் சாம்பல் நிறம், நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புப் பட்டை. அந்தக் காலத்தில் எரிமலைகள் விடாமல் கக்கிய கரிவாயு காற்றில் ஏறி, பூமி அடுப்பாய்க் கொதித்திருக்கிறது. மழை வெறிபிடித்துப் பெய்து, கரை மண்ணையெல்லாம் அரித்து ஏரிக்குள் தள்ளியிருக்கிறது. அந்த உரத்தில் பாசி மண்டி, செத்து, அழுகி, ஏரியின் அடியில் மூச்சுவிடக் காற்றே இல்லாமல் போய்விட்டது. மீன் செத்தது, நத்தை செத்தது, புழு பூச்சிகூட மிஞ்சவில்லை. செத்ததெல்லாம் முழுசாய் மட்கவும் வழியில்லாமல் கறுப்பாய்ப் படிந்தது. காற்றில் திரிந்த கரியில் ஒரு பங்கு, அப்படித்தான் திரும்ப மண்ணுக்குள் அடங்கியதாம். அந்தக் கதை மொத்தமும் அந்த உள்ளங்கை அகலத்தில் இருந்தது.

ஒவ்வொரு தண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒரு பாதி வெட்டிச் சோதித்துப் பார்க்க. மறு பாதியை யாரும் தொடக்கூடாது, அது பின்னால் வருகிறவர்களுக்கு. அந்தத் தொடாத பாதியைக் காப்பதற்குத்தான் அவனுக்குச் சம்பளம், கோட்டு, சாவி எல்லாம்.

காத்த லட்சணத்தைக் கேளுங்கள். வருகிற ஆராய்ச்சிக்காரர் எவருக்கும் சாம்பல் மண் வேண்டாம், கறுப்புதான் வேண்டும். வெட்டுகிற பாதியில் கறுப்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. வந்தவர்கள் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்கள். பிறகு எவனாவது ஒருவன் விவரமாய் ஆரம்பிப்பான்.

"அண்ணே, இந்த நிலையமே உங்க கையிலதான் ஓடுதுன்னு எங்க ஊர் வரைக்கும் பேச்சு. நகத்தளவு குடுங்கண்ணே, போதும்."

அவ்வளவுதான், ராசாவுக்கு உச்சி குளிர்ந்துவிடும். "ரூல்ஸ் எல்லாம் மத்தவங்களுக்கு. நம்ம ஆளுக்கு என்ன ரூல்ஸ்?" என்று கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போவான். பல்லைக் காட்டினால் நகத்தளவு, தோளில் கைபோட்டால் விரலளவு.

"எல்லாரும் நகம் நகம்னு கேக்குறாங்களே, யானைக்கும் நகம் இருக்கு, தெரியும்ல?" என்று மனைவி கேட்டாள் ஒருநாள்.

"தொடப்பக்கட்டை பிடிச்ச கைக்கு ஆராய்ச்சியைப் பத்தி என்னடி தெரியும்?"

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். சுவரோடு பேசினால் சுவராவது முறைக்காது.

அவர்கள் மகள் படித்தாள். படித்தவள் வேறெங்கும் போகாமல் அந்த ஏரியையே பிடித்துக்கொண்டாள். கரை முதலில் கரைந்ததா, ஏரி முதலில் செத்ததா என்பது அவள் கேள்வி. அதற்குச் சாம்பல் முடிந்து கறுப்பு தொடங்கும் கீழ்விளிம்பு, குலையாமல் முழுசாய் வேண்டும். துளை போட்ட இடத்தில் இப்போது வீடுகள் எழுந்துவிட்டன, மறுபடி தோண்ட வழியில்லை. தொடாத பாதி ஒன்றுதான் கதி. அது இல்லையென்றால் அவள் இத்தனை வருஷம் படித்ததும் எழுதியதும் வீண்.

"அப்பா, அந்தப் பெட்டி பத்திரமா இருக்குல்ல?" என்று சாப்பிடும்போது கேட்டாள்.

"யாரைப் பாத்து கேக்குற? ராசா வீட்டுப் பொண்ணுக்கு மண்ணுக்கா பஞ்சம்?" என்றான். வாய் சொன்னது, தட்டில் இருந்த கை அசையவில்லை. மனைவி அதைப் பார்த்தாள்.

மகள் எழுந்து போனதும் மனைவி கேட்டாள். "இருக்கா?"

"இருக்கு."

"கண்ணால பாத்தீங்களா?"

"இருக்கும்டி!"

மகளுக்கு அனுமதி கிடைத்தது. நிலையத் தலைவர் முன்னிலையில் பெட்டியைத் திறப்பது என்று முடிவாயிற்று. அன்று காலை மனைவி துடைக்க வந்தபோது, குளிர் அறை வாசலில் கறுப்புக் காலடிகள். கட்டிடத்துக்குப் பின்னால் சாக்கடை தேங்கும் குட்டையிலிருந்து நேராய் வந்திருந்தன. நாற்றம் குடலைப் பிடுங்கியது. அவளுக்குப் புரிந்துபோயிற்று. அந்தக் காலடிகளை அவள் துடைக்கவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டு, தலைவர் வந்ததும் அவர் பின்னாலேயே உள்ளே போய் நின்றாள்.

மேசைமேல் பெட்டி. மேலே விளக்கு. பிளாஸ்டிக் உறையை விலக்கியதும் தலைவர் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார்.

"பழைய மண்ணு சார். அப்படித்தான் மணக்கும்" என்றான் மண் ராசா.

மகள் குனிந்து பார்த்தாள். விளக்கின் சூடு பட்டதும் கறுப்புப் பட்டையில் ஏதோ அசைந்தது. சிவப்பு நூல் மாதிரி ஒரு புழு தலையை நீட்டி, இப்படியும் அப்படியும் நெளிந்தது.

 முந்திக்கொண்டு பேசியவன் மண் ராசாதான்.

"பாத்தியாம்மா! கோடி வருஷமா உசுரோட இருந்திருக்கு! அப்பா காவல் காத்தது அப்படி!"

"எல்லாம் மூச்சுமுட்டிச் செத்த ஏரிப்பா அது" என்றாள் மகள். "இது நம்ம பின்பக்கக் குட்டைப் புழு."

விரலால் அழுத்தினாள். சேறு பிதுங்கி வழிந்தது. அடியில் வெறும் பள்ளம், பள்ளம் முழுக்கக் கரண்டி சுரண்டிய தழும்பு. அவள் அழவில்லை. கையைத் துடைக்கவும் தோன்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

தலைவருக்கு வந்ததே ஆவேசம்! "பொதுச் சொத்துய்யா இது! யார் யாருக்குத் தூக்கிக் குடுத்தே? ஒருத்தர் விடாம சொல்லு!"

மண் ராசா தரையைப் பார்த்தான். ஒருத்தர் பேர் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது அவன் முகத்திலேயே தெரிந்தது.

"இருங்க சார், நான் சொல்றேன்" என்றாள் மனைவி. விறுவிறுவென்று தலைவரின் அறைக்குப் போனாள். அவர் மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க ஒரு கண்ணாடிக் கூடு இருக்கும், உள்ளே கைப்பிடி அளவு மண்கட்டி. அவர் பதவிக்கு வந்த அன்று மண் ராசா பல்லிளித்துக்கொண்டு கொடுத்தது. தினம் தூசி துடைக்கிறவளுக்குத் தெரியாதா? கொண்டுவந்து விளக்கடியில் வைத்தாள். கீழே சாம்பல், மேலே கறுப்பு. நடுவில் கோடு கிழித்த மாதிரி விளிம்பு.

"இது யாரோட நகம் சார்?"

தலைவர் கைக்குட்டையை மடித்தார், பிரித்தார். "அது... ஏதோ நினைவுப் பரிசுன்னு..."

மகள் எழுந்து வந்து கூட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். செத்த முகத்துக்கு உயிர் வந்தது. "விளிம்பு குலையவே இல்லம்மா" என்றாள். பிறகு, "உடைக்கலாமா சார்?"

தலைவரின் தலை தானாக ஆடியது.

இதற்குப் பிறகாவது வாயை மூடிக்கொண்டு இருந்தானா அவன்? கோட்டை இழுத்து நேராக்கிக்கொண்டான். "உனக்குன்னுதாம்மா சார்கிட்ட குடுத்து வச்சிருந்தேன். வெளியில இருந்தா எவனாவது சுரண்டிட்டுப் போயிடுவான்ல?"

மனைவி அவன் இடுப்புச் சாவியை உருவி மகளிடம் கொடுத்தாள். அவன் கையில் துடைப்பானைத் திணித்தாள்.

"வாசல்ல உங்க காலடி கிடக்கு, ராசா. போய்த் துடைங்க."

துடைத்தான். துடைத்த லட்சணத்தில் அந்த வாசலை அவள் மறுபடியும் துடைக்க வேண்டியிருந்தது.