சதுர அடியில் வராத கதவு

அண்ணனுக்குக் கோபம் வரக் கூடாது என்று எங்கள் வீட்டில் எல்லோரும் பார்த்துப் பார்த்துப் பேசுவார்கள். எனக்குக் கோபம் வந்தால் மட்டும், நர்ஸ் வேலை அலுப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

நாரணாபுரத்து வீட்டை இடித்துக் கட்டலாம் என்றானபோது, லேபர் காண்ட்ராக்ட் போதும் என்றேன். சிமெண்டும் கம்பியும் நாமே வாங்கிப் போடலாம். கொத்தனாருக்குக் கூலி மட்டும். வேண்டியதை நேராக அவரிடமே சொல்லலாம். அண்ணன் சிரித்தார்.

"நீ டூட்டிக்குப் போயிருவ, அவ பட்டாசுக்குப் போயிருவா. சைட்ல யாரு நிப்பா? ஃபுல் காண்ட்ராக்ட்னா சாவிய வாங்கிட்டு உள்ள போக வேண்டியதுதான்."

தான் நிற்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. சதுர அடி ரேட் பேசி, மொத்தத்தையும் ஒரு காண்ட்ராக்டர் கையில் கொடுத்தார்.

'அவ' என்றது தங்கையை. எம். புதுப்பட்டி பட்டாசு ஆலையில் வெடிமருந்து செலுத்தும் வேலை. ஒரு முறை அங்கே அவள் வேலை செய்த அறையில் தீப்பிடித்தபோது பின்கதவைத் தள்ளிக்கொண்டு ஓடித்தான் பிழைத்தாள். அன்றிலிருந்து ஒரே கதவுள்ள அறையில் அவளுக்குத் தூக்கம் வராது. புது வீட்டில் அவள் கேட்டது, தன் அறைக்கு ஒரு பின்கதவு. அவ்வளவுதான். "அதெல்லாம் சொல்லியாச்சு" என்றார் அண்ணன்.

டூட்டி முடிந்து ஒரு நாள் போய்ப் பார்க்கிறேன், அந்தப் பின்சுவர் முழுதாக ஏறிப் பூச்சும் முடிந்திருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"என்கிட்ட கேக்கீகளேக்கா," என்றார் கொத்தனார். "காண்ட்ராக்டர் சொல்றதத்தான நான் செய்ய முடியும்?"

காண்ட்ராக்டர் போனில், "இந்த ரேட்டுக்கு ரூமுக்கு ஒரு கதவுதாம்மா. உங்க அண்ணன் ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

அண்ணனிடம் போனேன். "மறந்துட்டேன். ஒரு கதவுக்கா இம்புட்டுச் சத்தம்?"

"விடுக்கா, நான் முன்வாசல்கிட்ட படுத்துக்கிறேன்," என்றாள் தங்கை. அவள் அப்படி விட்டுக்கொடுத்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக வந்தது.

புதுவீட்டு ஜெபம் முடிந்த மறுவாரம், அதே கொத்தனாரை நாள் கூலிக்கு வரச் சொன்னேன். பின்சுவரில் முதல் அடி விழுந்ததுமே அண்ணன் ஓடி வந்தார்.

"ஏத்தா, நிறுத்து. நாமளா உடைச்சா அப்புறம் வீட்டுக்குக் காண்ட்ராக்டர் பொறுப்பில்லன்னு கைய விரிச்சிருவாரு."

"வீட்டுக்கு அவரு பொறுப்பு, சரி. இவளுக்கு யாருண்ணே பொறுப்பு?"

கொத்தனார் சுத்தியலைத் தூக்கியபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீங்க அடிங்க," என்றேன்.